நாக்கில் வைக்காத மணல்

உப்பளத்துக்குப் பக்கத்தில், பெரிய தெருவுக்கு அடியில் ஒரு தண்ணீர்க் குழாய் வெடித்தது. அதற்குக் காரணம் நான். காரணம் காசிம் நானா என்று அறிக்கை எழுதியவனும் நான்தான். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லலாம் என்று வைத்தால், எழுபத்திரண்டு வயதுக்காரன் நடுவில் எங்காவது நல்லவனாகிவிடுவான்.

என் பெயர் சவரிமுத்து. குடிநீர் வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் தெருவைத் தோண்டி, பழைய இரும்புக் குழாய்களை ஒதுக்கிவிட்டுக் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் போடுகிறார்கள். அந்த வேலைக்குப் பொறுப்பான எந்திரி றிஸ்னா, என் மகளைவிட இளையவர், போன மாதம் வீட்டுக்கு வந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காகத் தெருவுக்கு அடியில் கிடக்கும் குழாய்கள் ஏன் பழுதாகின்றன என்று நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார். நானும் காரணங்களை ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் தாளை என் மடியிலேயே வைத்தார்.

"இது எல்லாம் புத்தகத்தில ஈக்கிது சேர். நீங்க அந்த மண் கதைய எழுதுங்க."

"அது உங்களுக்குத் தெரியும்தானே மகள்?"

"எனக்குத் தெரியும். புதுசா வாறவங்களுக்குத் தெரியாதே."

ஆகவே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் இரண்டு வருடம் கணக்கும் வரைபடமும் படித்தேன். மண்ணைத் தொடவே இல்லை. படித்ததையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு புத்தளத்தில் வந்து இறங்கினேன். முதல் நாளே பெரேரா சேர் அந்தப் பெட்டியை மூட வைத்துவிட்டார்.

பெரேரா சேர் எங்கள் எந்திரி. சிலாபத்துக்காரர். சிங்களத்தையும் தமிழையும் ஒரே கோப்பையில் ஊற்றிக் கலந்து பேசுவார். மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைக் கைக்குட்டை, ஒரு பேனாக்கத்தி, ஒரு சின்னச் சுத்தியல் ஆகிய மூன்றும் இல்லாமல் அவர் குழிக்குள் இறங்கி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். பத்து விரலும் துடைத்து முடிவதற்குள் எதிரில் நிற்பவன் தன் பிழையைத் தானே கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் ஆறாவது விரலில் சொல்லிவிடுவோம்.

வேலைக்குப் போன முதல் வாரம், தோண்டி எடுத்த ஒரு வார்ப்பிரும்புக் குழாய்த் துண்டை என் முன்னால் வைத்தார். உடம்பில் ஒரு ஓட்டை இல்லை. துருப்பிடிக்காமல் பூசிய கீல்கூட அப்படியே இருந்தது.

"சவரி, இது நல்ல பைப்பா, கெட்ட பைப்பா?"

"நல்ல பைப் சேர்."

பேனாக்கத்தியால் அதன் முதுகைச் சுரண்டினார். கறுப்பாகச் செதிலொன்று கழன்று வந்தது. அந்தச் செதிலை விரலில் பிடித்து, என் புதுக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதினார். அழகாக எழுதியது.

"பார்த்ததா? இது இரும்பு இல்ல. பென்சில்."

வார்ப்பிரும்பில் இரும்போடு பென்சிற் கரியும் கலந்திருக்கிறது. உப்பு ஈரம் மண்ணில் நின்றால் இரும்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டுபோய்விடும். கரி அசையாது. குழாயின் உருவம், தடிப்பு எல்லாம் முன்பு போலவே நிற்கும். உள்ளே தண்ணீரும் ஓடும். ஆனால் அது குழாய் இல்லை. குழாய் இருந்த இடத்தின் அடையாளம். சேவைக்காலம் முடிந்தும் கதிரையை விட்டு எழும்பாத சில உத்தியோகத்தர்களை எனக்குத் தெரியும். யாராவது ஒரு நாள் மேசையில் பலமாகத் தட்டினால்தான் விஷயம் வெளியே வரும். குழாய்க்கு அந்தத் தட்டைக் கொடுப்பது தெருவில் போகும் லொறி.

அதனால் பெரேரா சேருக்கு மண்தான் முக்கியம். குழாய்க்குக் கீழேயும் சுற்றியும் போடும் மணல் வண்ணாத்திவில்லுப் பக்கமிருந்து வரும் ஆற்று மணலாக இருக்க வேண்டும். கடலோடு சேர்ந்த களப்பின் ஓரத்து மணல் கூடாது. அதில் உப்பு இருக்கும், சிப்பி ஓடு இருக்கும், பவளக் கல் இருக்கும். ஒரு கல்லின் மேல் குழாயின் வயிறு உட்கார்ந்தால், மேலே போகும் பாரம் முழுவதும் அந்தக் கல்லின் வழியாகத்தான் இறங்கும். குழாய் நடுவில் விண்டுவிடும்.

மணலில் உப்பு இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு முறை இருந்தது. ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் முடிவு வருவதற்குள் குழி தூர்ந்து புல் முளைத்துவிடும். ஆகவே குவியலின் அடியில் மூன்று இடத்தில் கிள்ளி எடுத்து, நுனி நாக்கில் வைத்து, பத்து எண்ண வேண்டும். பிறகு துப்பிவிட்டு நல்ல தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். அன்று வெற்றிலை போட்டவர் ருசி பார்க்கக் கூடாது. காலையில் கருவாடு சாப்பிட்டவர் குவியலுக்குக் கிட்டவே வரக்கூடாது. இந்தக் கரையில் காலையில் கருவாடு சாப்பிடாதவனைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அலுவலகத்தில் நான் ஒருவன்தான் காலையில் பாணும் சீனியும் சாப்பிடுகிறவன். அதனால் நாக்குப் பொறுப்பு எனக்கு வந்தது. "சவரிமுத்துட நாக்கு இருந்தா லெப் எதுக்கு?" என்று பெரேரா சேர் வெளியாட்களிடம் சொல்லுவார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

இனிக் காசிம் நானா. அவர் எங்கள் தற்காலிக ஃபிட்டர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அதனால் எனக்கு நானா, அண்ணன். குழாய் பொருத்துவதும் வால்வு திறப்பதும் அவர் வேலை. மூடிக் கிடந்த குழாய்க்குள் தண்ணீரை மறுபடி விடும்போது அவசரம் கூடாது. உள்ளே காற்று நிறைந்திருக்கும். அது வெளியேற நேரம் வேண்டும். திடீரென்று திறந்தால் தண்ணீர் ஓடிவந்து, வளைவிலும் முனையிலும் சுத்தியல் மாதிரி அடிக்கும். பழைய குழாய்களில் பாதி அந்த அடியில்தான் போகும்.

காசிம் நானா வால்வை அரைச் சுற்றுத் திறப்பார். கையை எடுத்துவிட்டு, கண்ணை மூடி, வாய்க்குள் பதினொரு முறை நபி மேல் ஸலவாத்துச் சொல்லுவார். பிறகு அடுத்த அரைச் சுற்று. பிறகு மறுபடி பதினொன்று. அவர் வால்வுச் சாவியான திறப்பைப் பிடித்தால் நாங்கள் போய்ப் பிட்டும் சம்பலும் சாப்பிட்டு, பிளேன்டீ குடித்து, யார் வீட்டில் என்ன கலியாணம் என்று கதைத்து முடித்துத் திரும்புவோம். அவர் பாதியில் நிற்பார். "நானா, தண்ணி வாறதுக்குள்ள மழை வந்திடும்" என்று சொன்னால், "மழைக்கும் வால்வு ஈக்கி தம்பி. அதுவும் மெதுவாத்தான் தொறக்கிற" என்பார். பெரேரா சேர் மட்டும் சிரிக்க மாட்டார். "காசிம் செய்றதுதான் புத்தகத்தில இருக்கு. ஸலவாத்து மட்டும் புத்தகத்தில இல்ல" என்பார்.

உப்பளத்துக்குப் பக்கத்தில் பழைய வார்ப்பிரும்புக் குழாய் விண்டபோது, கெட்ட பாகத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்புத் துண்டு ஒன்றைப் பொருத்தினோம். இரண்டு முனையிலும் ஒவ்வொரு கொலர். அதாவது பழைய குழாயையும் புதுத் துண்டையும் சேர்த்துப் பிடிக்கும், ஆணி போட்டு முறுக்கிய இரும்பு வளையம். பெரேரா சேர் கொழும்புக்குப் போயிருந்தார். பொறுப்பு எனக்கு. அன்னம்மா கோயில் திருநாள் கிழமை அது. தெரு முழுக்க யாத்திரை வண்டிகள். பாதித் தெருவை நாங்கள் தோண்டி வைத்திருந்தோம். ஒவ்வொரு பஸ் சாரதியும் எங்களைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து எங்கள் பெற்றோரைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனான்.

வண்ணாத்திவில்லிலிருந்து வர வேண்டிய மணல் லொறி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. நாளைக்குத்தான் வரும் என்றார்கள். எனக்கு அன்று பின்னேரம் நாலு மணிக்குத் திருநாளில் ஒரு வேலை இருந்தது. கற்பிட்டிப் பெண் ஒருவரைப் பார்ப்பது. அந்தக் குடும்பம் கோயில் வளவில் வாடி அடித்துத் தங்கியிருந்தது. அடுத்த நாள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

வேலையை ஒப்பந்தமெடுத்த கொந்துராத்துக்காரர் ஒரு டிராக்டரில் மணல் கொண்டுவந்து கொட்டினார். களப்போரத்து மணல். வெயிலில் சிப்பி ஓடுகள் மின்னின. குழிக்குள் கொலரை முறுக்கிக்கொண்டிருந்த காசிம் நானா தலையை உயர்த்தினார்.

"ருசி பாத்தீங்களா சேர்?"

"பாத்தாச்சு நானா."

"நாளைக்கி வரைக்கும் நிப்பாட்டி வெச்சா என்ன?"

"நீங்க பைப்பப் பாருங்க. மண்ண நான் பாக்கிறன்."

அவர் குனிந்துகொண்டார். நான் ருசி பார்க்கவில்லை. மறந்துவிட்டதால் அல்ல. என்ன ருசி என்று தெரிந்ததால்தான் பார்க்கவில்லை. நாட்குறிப்பில் "மணல் சோதிக்கப்பட்டது. நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்றரை மணிக்குப் பஸ் ஏறினேன்.

நாலு பத்துக்குப் பிலோமினாவைப் பார்த்தேன். அவள் அன்று தங்கையிடம் சொன்னாளாம், "மாப்பிள்ளைட சப்பாத்தெல்லாம் மண்" என்று. எந்த மண் என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த ஆறு வருடத்தில் எங்களுக்குக் கலியாணமாகி, இரண்டு பிள்ளைகளும் பிறந்தார்கள். அந்த ஆறு வருடமும் தெருவுக்குக் கீழே நடந்ததை இப்போது சொல்ல முடியும்.

களப்புத் தண்ணீர் மாரியில் ஏறியது, கோடையில் இறங்கியது. எப்போதும் நனைந்திருப்பதைவிட, நனைந்து காய்ந்து மறுபடி நனைவது இரும்புக்குக் கேடு. ஒவ்வொரு தடவையும் உப்பு கொஞ்சம் கூடுதலாகச் சேரும். அதோடு, பழைய குழாயோடு புது இரும்பைச் சேர்த்தால் புதிதுதான் முதலில் தேயும். உப்பு மண்ணில் இரண்டுக்குமிடையில் ஒரு சின்ன மின்னோட்டம் உண்டாகி, புது இரும்பைத் தின்னத் தொடங்கும். பழைய குடும்பத்துக்குள் வந்த புது மருமகன் மெலிவதைப் போல. அதிலும் முதலில் போவது கொலரின் ஆணிகள். நடுவில் இடுப்பு மெலிந்து, கடைசியில் ஒரு நூல் தடிப்பில் பிடித்துக்கொண்டிருக்கும்.

கொலர் தளர்ந்தால் ஊசி முனையளவு ஒழுக்கு. அந்த ஒழுக்கு மேலே வராது. வந்தால் நல்லது, யாராவது பார்த்துச் சொல்லுவார்கள். அது பக்கத்து மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு பழைய வாய்க்காலொன்றுக்குள் போய்ச் சேரும். தெருவுக்குக் கீழே ஒரு பொந்து உண்டாகும். மேலே தார் மட்டும் பாலின் ஆடை மாதிரி நிற்கும். அந்த ஆடையின் மேல் நாங்கள் எல்லாரும் ஆறு வருடம் சைக்கிள் ஓட்டினோம். இதற்குள் தெருவையும் இரண்டு தடவை உயர்த்தித் தார் போட்டார்கள். குழாய் போட்ட காலத்தில் அதன் மேல் போனவை மாட்டு வண்டிகள். இப்போது உப்பு லொறி, சீமெந்து லொறி.

ஒரு வெள்ளிக்கிழமை. முதல் நாள் ஒரு புது இணைப்புக்காகத் தண்ணீரை மூடியிருந்தோம். காசிம் நானா விடியவே போய் வால்வைத் திறக்கத் தொடங்கி எட்டு மணிக்கு முடித்தார். எட்டரைக்கு உப்பு லொறி ஒன்றின் பின் சில்லு தெருவுக்குள் இறங்கியது. குழாய் வெடித்துத் தண்ணீர் தென்னை உயரம் எழும்பியது. சாரதி குதித்துத் தப்பிவிட்டான், ஒரு காயமுமில்லை. தன் லொறியின் உப்பு மூட்டைகள் நல்ல தண்ணீரில் கரைந்து திரும்பவும் களப்புக்கே போவதைப் பார்த்துக்கொண்டு, நனைந்த சாரத்தோடு நின்றான். ஊருக்கு மூன்று நாள் பவுசர் வண்டித் தண்ணீர்.

பெரேரா சேர் குழிக்குள் இறங்கினார். வெள்ளம் மணலையெல்லாம் அள்ளிக் கலக்கியிருந்தது. ருசி பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. அறுந்த ஆணி ஒன்றைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"சவரி, இந்த இடத்தில மணல் பார்த்தது நீதானே?"

"ஓம் சேர்."

"நாக்கில வச்சதா?"

"வச்சன் சேர்."

கைக்குட்டை வெளியே வந்தது. முதல் விரலிலேயே என் பிழை எனக்குத் தெரியும். பத்தாவது விரல் வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை. அந்த மாதம் என் பதவி உயர்வுக்கான கடிதம் அவர் மேசையில் கிடந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. என் நாக்கை நம்பி ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதரிடம், அந்த நாக்கால் பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது?

"அப்ப காரணம்?"

"வால்வ அவசரமாத் திறந்திருக்கலாம் சேர்."

பெரேரா சேர் சிரித்துவிட்டார். "யாரு, காசிமா? அவசரமாவா?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை சேர். ஜும்மாவுக்குப் போக வேணுமெண்டு..."

அவர் சிரிப்பை நிறுத்தினார். நான் சொன்னதில் எது மிகக் கேவலமானது என்று பிறகு பல வருடம் யோசித்திருக்கிறேன். இதுதான். எந்தப் பக்தி அந்த மனிதரின் கையை மெதுவாக்கியதோ, அதையே அவருடைய அவசரத்துக்குக் காரணமாகச் சொன்னேன். அவசரம் என்னுடையது, ஆறு வருடம் பழையது. அதைத் தூக்கி மாவட்டத்திலேயே மெதுவான மனிதரின் தோளில் வைத்தேன். வெள்ளிக்கிழமை என்ற சொல் பின்னால் வந்ததால், அது நம்பக்கூடியதாகவும் ஆகிவிட்டது.

அறிக்கையை நான் எழுதினேன். பெரேரா சேர் கையெழுத்திட்டார். நிரந்தரமாக்கும் பட்டியலில் இருந்த காசிம் நானாவின் பெயர் வெட்டப்பட்டது. விசாரணையில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நான் ஒரு நாளும் அவசரப்பட்டதில்ல சேர்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் முன்னாலிருந்த அறிக்கைக் கோவையைப் பார்த்தேன். ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு, மனைவியின் ஊரான எத்தாளைக்குப் போய் வெங்காயம் போடத் தொடங்கினார்.

தண்ணீர் கொடுப்பதில் எங்கள் ஊர் தாமதிக்கலாம். பட்டப்பெயர் கொடுப்பதில் தாமதிக்காது. மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வருமுன்பே "அவசரக் காசிம்" வந்துவிட்டது. ஆமையைப் போல நடக்கும் மனிதருக்கு அப்படி ஒரு பெயர் என்பதில்தான் ஊருக்குச் சந்தோஷம். மகள் பள்ளிக்கூடத்தில் "அவசரக் காசிம்ட மக". மகனின் கலியாணக் கடிதம் வந்தபோது, "எந்தக் காசிம்?" "அவசரக் காசிம்தான்." அவர் புத்தளத்துத் தேநீர்க் கடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "பொய் சொன்னேன் சாமி" என்றேன். மூன்று செபம் சொல்லச் சொன்னார். என்ன பொய், எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று செபத்தையும் அன்று வேகமாகச் சொல்லி முடித்தேன். பதவி உயர்ந்தது. பெரேரா சேர் ஓய்வு பெற்று, பிறகு காலமானார். அவரிடம் சொல்ல எனக்குப் பதினாறு வருடம் இருந்தது. நானும் ஓய்வு பெற்றேன். எனக்கு ஓய்வூதியம் வருகிறது. காசிம் நானாவுக்கு வரவில்லை. நான் பின்னால் செய்த எதுவும் அதை மாற்றவில்லை.

இந்த வருடம் தோண்டத் தொடங்கியபோது றிஸ்னா தொலைபேசியில் கூப்பிட்டார். "சேர், உப்பளத்துக்கிட்ட பழைய மெப்பில ஒரு ஜொயின்ட் காட்டுது. நீங்க போட்டது தானே? கொஞ்சம் வந்து இடத்தக் காட்டுவீங்களா?"

வெடிப்புக்குப் பிறகு அந்தத் துண்டைக் கைவிட்டு, தெருவின் மறுபக்கத்தால் வேறு குழாய் போட்டிருந்தோம். வெடித்தது ஒரு முனைதான். மறு முனை தொடப்படாமல் கிடந்தது. பெக்கோ இயந்திரம் மேல் மண்ணை எடுத்ததும் நான் பார்த்தேன். சுற்றிலும் செம்மண் நிறம். குழாயைச் சுற்றி மட்டும் வெள்ளை மணல். உள்ளே சிப்பி ஓடு. பக்கத்து வீட்டுப் பூனையைத் திருட்டுப் பாலோடு பிடித்த மாதிரி, அந்த மணல் என்னைப் பார்த்தது. பூனை நான்தான்.

குழிக்குள் இறங்கினேன். மூன்று இடத்தில் கிள்ளி எடுத்து நுனி நாக்கில் வைத்துப் பத்து எண்ணினேன்.

"சேர்! என்ன செய்யிறீங்க? ஊத்த மண் அது!"

"நாப்பது வருசத்துக்கு முந்திச் செய்ய வேண்டிய வேலை மகள்."

உப்பு. நான் நினைத்திருந்ததைவிட அதிகம். குழியின் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த நானா ஹயாத்தோட ஈக்கிறாரா?" எத்தாளையில் உயிரோடு இருப்பதாகக் கேள்வி என்றேன்.

முதலில் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். அந்த அறிக்கை பொய், காரணம் நான், அதைத் திருத்திப் பதிவு செய்யுங்கள் என்று. பதில் வந்தது. அப்படி ஒரு கோவை தற்போது இல்லை. மிகப் பழையவை கறையான் அரித்ததால் அழிக்கப்பட்டுவிட்டன. காசிம் நானாவைக் கெடுத்த தாளைக் கறையான் தின்றிருந்தது. பட்டப்பெயரை எந்தக் கறையானும் தொடவில்லை.

பிறகு பிலோமினாவிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னப் பாக்க வந்த அவசரத்திலயா?"

"ஓம்."

"அப்ப ஏன் நாலு பத்துக்கு வந்தீங்க? நாலு மணிக்கெல்லோ சொன்னது."

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, "தனியப் போனா பாதி வழியில திரும்பி வந்திடுவீங்க. நானும் வாறன்" என்றாள்.

எத்தாளையில் காசிம் நானா வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கிய உடம்பு; தாடி முழுவதும் வெள்ளை. என்னைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை.

"வாங்க சேர். நோனாவும் வாங்க. இந்தப் பாத்தி நிறையட்டும்."

அந்தப் பாத்தி நிறைய எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்காதீர்கள். பிறகு பிளேன்டீ வந்தது. நான் சொல்லத் தொடங்கினேன். "அந்த மணல், நானா, நான் ருசி பாக்கவே..."

"தெரியும்."

"எப்பிடி?"

"அண்டைக்கே நான் வாயில வெச்சுப் பாத்த. நீங்க பஸ்ஸுக்குப் போன பொறகு. கரிச்சிச்சு."

"அப்ப ஏன் விசாரணையில சொல்லல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். கோபத்தோடு அல்ல, வால்வின் துருவைப் பார்ப்பது போல. "பெரேரா சேர் உங்கள்ட நாக்கத்தானே கேட்டாரு. தற்காலிகக்காரன்ட நாக்க ஆரு சேர் கேட்ட?"

பிலோமினா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வேல போனது கூட பரவால்ல," என்றார். "அல்லாஹ் வெங்காயத்தத் தந்தான். களவெடுத்தான்டு எழுதியிருந்தா கூடப் பொறுத்திருப்பன். ஆனா அவசரப்பட்டான்டு எழுதிட்டீங்களே சேர்! என்னப் பாத்து!" சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பால் வந்த கண்ணீர் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் என்ன செய்யட்டும் நானா?"

"எனக்கிட்டச் சொல்லி என்ன? எனக்குத் தெரியும்தானே. தெரியாத ஆக்களுக்குப் போய்ச் சொல்லுங்க."

சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஆட்கள் நிறைந்திருந்த நேரம், புத்தளத்துத் தேநீர்க் கடைக்குப் போய் எழுந்து நின்று சொன்னேன். கடை முதலாளி தேநீர் ஆற்றுவதை நிறுத்தினார். ஒருவர், "எந்தக் காசிம்?" என்றார். இன்னொருவர், "அப்ப இனி அவசரச் சவரிமுத்தா?" என்றார். கடை சிரித்தது. "ஓம், அதுதான் சரி" என்றேன். ஒரு மூலையில் இருந்த கிழவர் மட்டும் சிரிக்காமல், "அந்தப் பேருக்காக நான் அவன்ட மகள என்ட மகனுக்கு எடுக்கல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கடைசியாக ஒன்று. உப்பளத்துப் பக்கப் புதுக் குழாய்க்கு முதன்முதலாகத் தண்ணீர் விடும் நாள் வந்தது. வால்வைத் திறக்கக் காசிம் நானாவை அழைப்பது என்று றிஸ்னா முடிவு செய்தார். ஒரு பிரமுகருக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். காசிம் நானா வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வந்து, திறப்பைப் பிடித்து அரைச் சுற்றுத் திருப்பினார். கையை எடுத்தார். கண்ணை மூடினார். புதுக் குழாய் என்றாலும் விதி ஒன்றுதான். காற்று வெளியேற வேண்டும்.

நாலாவது அரைச் சுற்றில் பிரமுகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதாவதில் வேறு கூட்டம் இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். தேநீர்க் கடைக்காரர்கள் முழுப்பேரும் வெயிலில் நின்றார்கள். நின்றுபோன வண்டி வரிசையில் ஓர் உப்பு லொறிச் சாரதி தலையை வெளியே நீட்டி, "அவசரக் காசிம் நானா! அசர் தொழுக நேரமாகப் போவுது!" என்று கத்தினான். தெரு முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெயரை அவர் முகத்துக்கு நேரே சொல்லி ஊர் சிரித்ததும், அவரும் அதோடு சேர்ந்து சிரித்ததும் அதுதான் முதல் தடவை. பிறகு சாரதியை நிதானமாகப் பார்த்தார்.

"எண்ணிக்கை மறந்து போச்சு. முதல்ல இருந்து."

ஒன்றே கால் மணி நேரத்துக்குப் பிறகு பக்கத்துக் குழாயில் காற்றுச் சீறியது, சேறு வந்தது, பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. காசிம் நானா ஒரு கை ஏந்தி, நுனி நாக்கில் வைத்து, எனக்குத் தெரியும்படி பத்து வரை எண்ணினார்.

"உப்பில்ல," என்றார்.

ஆட்கள் கலைந்தார்கள். அவர் வால்வுத் திறப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போனேன்.

"நானா, என்னை மன்னிச்சிட்டீங்களா?"

துடைப்பதை அவர் நிறுத்தவில்லை.

"என்ன அவசரம் சேர்?"

இப்போது கிழமைக்கு ஒரு நாள் எத்தாளைக்குப் போகிறேன். பாத்தி நிறையும் மட்டும் வரப்பில் நிற்கிறேன். வெங்காயத்தைப் பற்றியும் பெரேரா சேரின் கைக்குட்டையைப் பற்றியும் கதைக்கிறோம். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. அவர் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். எத்தனையாவது அரைச் சுற்றில் நிற்கிறார் என்பது மட்டும் தெரியவில்லை.